கைகொடுத்ததால் மற்றப் பிள்ளையின் ஓட்டம் இரத்தானது: மகனுக்கு என்ன சொல்வது?

கேள்வி:

மகனுக்கு 15 வயது. 1500 மீற்றர் ஓடுகிறவன். மூன்று கிழமைக்கு முன் நடந்த வலயமட்டப் போட்டியில் கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஓடிய வேறு பாடசாலைப் பிள்ளை கடைசி வளைவில் கெண்டைக்கால் இழுத்து விழுந்துவிட்டான். மகன் நின்று, தூக்கி, அவனுடைய கையைத் தன் தோளில் போட்டு, முப்பது நாற்பது மீற்றர் கூட்டிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினான். மைதானமே எழும்பிக் கைதட்டியது. மகன் எட்டாவது. மாகாணப் போட்டிக்குப் போகும் இடம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில், உதவி பெற்றான் என்று மற்றப் பிள்ளையின் ஓட்டத்தையும் நடுவர்கள் இரத்துச் செய்துவிட்டார்கள்.

கணவர் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வந்ததும் "உனக்கேன் இந்த வேலை?" என்று கத்தினார். நானோ பெருமையில் யாரோ எடுத்த படத்தை முகநூலில் போட்டேன். 600 பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்தார்கள். அடுத்த நாள், படத்தை எடுத்துவிடும்படி அந்தப் பிள்ளையின் அம்மா செய்தி அனுப்பினார். மகன் இப்போது பயிற்சிக்குப் போகமாட்டேன் என்கிறான். "நான் தொடாம விட்டிருந்தா அவன் கடைசியா எண்டாலும் வந்திருப்பான்" என்கிறான். நான் பெருமைப்பட்டது பிழையா? இனிமேல் ஆர் விழுந்தாலும் பார்க்காமல் ஓடு என்று சொல்லவேண்டுமா?

ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்பது பெருமையைப் பற்றி. அவன் சுமந்துகொண்டிருப்பது மற்றப் பிள்ளையின் ஓட்டம் இரத்தானதை. அது இறங்கும்வரை உங்கள் பாராட்டு எதுவும் அவன் காதில் ஏறாது.

அவன் சொல்வதில் பாதி சரி. "சீ, அப்பிடி ஒண்டும் இல்லை" என்று மூடிவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நடந்தது என்னவென்று தெரியும். நீங்கள் மறுக்க மறுக்க, அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறா என்றுதான் எடுத்துக்கொள்வான்.

உலக மெய்வல்லுநர் விதிகள் சொல்வது இது. ஓட்டத்தின் நடுவே ஒருவர் இன்னொரு வீரரின் உடலைப் பிடித்துக்கொண்டு முன்னேறினால் அது தடுக்கப்பட்ட உதவி. விழுந்தவர் எழுந்து நிற்பதற்குக் கைகொடுப்பது அதில் சேராது. எழுப்பிவிடலாம், நடத்திச் செல்லக்கூடாது. உதவி கொடுத்தவரையும் நடுவர் எச்சரிக்கலாம். ஆனால் முடிவை இழப்பவர் பெரும்பாலும் உதவி பெற்றவர்தான்.

இதே இடத்தில் உலக மட்ட வீரர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2019இல் டோஹாவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில், ஆண்கள் 5000 மீற்றர் தகுதிகாண் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் அருபா நாட்டு ஜொனதன் பஸ்பி நிற்கவே முடியாமல் தள்ளாடினார். கினி பிசாவு நாட்டு பிரைமா டாபோ அவரைத் தாங்கிக்கொண்டு கோடுவரை கொண்டுவந்தார். அரங்கமே எழுந்து நின்றது. முடிவுப் பட்டியலில் டாபோவின் நேரம் பதிவானது, பஸ்பியின் ஓட்டம் இரத்தானது. உங்கள் மகனுக்கு நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

இதற்கு மூன்று வருடம் முன்னர் ரியோ ஒலிம்பிக்கில், பெண்கள் 5000 மீற்றர் தகுதிகாண் ஓட்டத்தில், நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் அபி டகொஸ்டினோவும் இடறுப்பட்டு விழுந்தார்கள். டகொஸ்டினோ முதலில் எழும்பி மற்றவரை எழுப்பிவிட்டார். பிறகு அவருடைய முழங்காலே ஓடவிடாமல் செய்ய, இப்போது ஹாம்ப்ளின் நின்று அவருக்குத் துணையானார். இருவரும் தங்கள் தங்கள் காலில் ஓடி முடித்தார்கள். முறையீட்டின் பேரில் இருவருக்கும் இறுதிப் போட்டியில் இடம் கிடைத்தது. முழங்கால் தசைநார் கிழிந்திருந்ததால் டகொஸ்டினோ மட்டும் அதில் ஓடவில்லை. முடிந்தால் இரண்டு ஓட்டங்களின் காணொளியையும் மகனோடு இருந்து பாருங்கள். எழுப்பிவிட்ட பிறகு கை எங்கே இருக்கிறது என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "ஓம் தம்பி, அந்த விதி உனக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. உனக்கு அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியது பெரியாக்கள்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கெண்டை இழுத்தவன் அரை நிமிடத்தில் தானே எழும்பி நடந்து முடித்திருக்கவும் கூடும், எழும்பாமலே இருந்திருக்கவும் கூடும். அதை இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது. முறையீடு செய்வதற்கும் உலக விதிப்படி முடிவு அறிவித்து 30 நிமிடம்தான். மூன்று கிழமை கழித்து வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி யாராவது யோசனை தந்தால், மகனுக்காக என்றாலும் வேண்டாம்.

இனி உங்கள் பெருமை. அது பிழையில்லை. அதைச் சொன்ன விதத்தில் இரண்டு இடம் இடறியிருக்கிறது.

முதலாவது படம். உங்கள் கண்ணுக்கு அதில் மகன் தெரிகிறான். மற்ற அம்மாவின் கண்ணுக்கு, வலியில் முகம் கோணி, பெனியன் ஏறி, இன்னொருவன் தோளில் தொங்கும் தன் பிள்ளை தெரிகிறான். பயிற்சிக்குப் பயிற்சி ஓடி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன், முன்பின் தெரியாத 600 பேருக்கு "பாவம், விழுந்த பிள்ளை" ஆகிவிட்டான். படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் எடுத்தால் மட்டும் போதாது. பகிர்ந்தவர்கள் தனியாகப் பதிவேற்றியிருந்தால் அது அங்கேயே கிடக்கும். பாடசாலை பழைய மாணவர் குழு, ஊர்க் குழு, வட்ஸ்அப் என்று எங்கெங்கே போனதோ, அங்கங்கே ஒவ்வொருவராகக் கேட்கவேண்டும். விளக்கப் பதிவு, மன்னிப்புப் பதிவு என்று புதிதாக ஒன்றும் எழுதவேண்டாம். அது ஆறிய பேச்சைத் திரும்பச் சூடாக்கும். இனிமேலும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: இன்னொருவர் பிள்ளை விழுந்த, அழுத, தோற்ற படம் என்றால் அந்தப் பெற்றோரைக் கேட்காமல் வெளியே போகக்கூடாது. சாதனைப் படமென்றாலும் கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை.

இரண்டாவது, பாராட்டின் சொல். "என்ர பிள்ளை தங்கம்", "அவனுக்கு மனசு அப்பிடி" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருப்பீர்கள். எந்தத் தாயும் சொல்வதுதான். ஆனால் அடுத்த போட்டியில் இன்னொருவன் விழ, அவன் நிற்காமல் ஓடினால் என்ன ஆவது? ஓடவேண்டிய தருணமாகவே அது இருக்கலாம். அப்போது தங்கம் பித்தளையாகிவிட்டதா? குணத்துக்குப் பட்டம் கொடுத்தால் பிள்ளை அதைக் காப்பாற்ற வேண்டியவனாகிறான். கண்டதைச் சொல்லுங்கள்: "நீ திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைச்சதைக் கண்டனான். அவன்ர கையைப் பிடிக்க முதல் ஏதோ கேட்டனி. என்ன கேட்டனி?" அவன் பதில் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். இது ஒருமுறை போதும். மாமா வீட்டிலும் கோயில் வீதியிலும் அவனை நிறுத்திவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அது அவனுடைய கதை என்பது போய் உங்களுடைய கதையாகிவிடும்.

கணவர் கத்தியதை நான் கல்நெஞ்சமாக எடுக்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் இறக்கியவருக்கு அந்த எட்டாவது இடம் வலிக்காமல் இராது. 2012 டிசம்பரில் ஸ்பெயினின் புர்லாடாவில் நடந்த, மேடுபள்ள நிலத்தில் ஓடும் குறொஸ் கன்ட்ரி ஓட்டத்தில், முன்னால் போன கென்ய வீரர் ஆபெல் முத்தாய் கோடு வந்துவிட்டதென்று நினைத்துச் சில மீற்றருக்கு முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அனாயா அவரைத் தாண்டாமல், சைகையால் வழிகாட்டி, தான் இரண்டாவதாகவே முடித்தார். அவருடைய பயிற்றுநர் மார்ட்டின் ஃபீஸ் 1995இன் உலக மரதன் சம்பியன். தான் என்றால் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே கணவர் தனியாள் இல்லை. (பெர்னாண்டஸ் ஒரு விரலும் படாமல் உதவினார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.)

கணவர் தன் கவலையை மறைக்கத் தேவையில்லை. "எனக்கு அந்த இடம் போனது கவலைதான். ஆனா நீ செய்தது பிழை எண்டு நான் சொன்னதுதான் பிழை" என்று அவரே ஒருமுறை சொல்லவேண்டும். நீங்கள் அவர் சார்பில் சொல்லக்கூடாது. அவர் ஏசும்போது நீங்கள் புகழ்வதும், நீங்கள் புகழும்போது அவர் முகத்தைத் திருப்புவதும் நடந்தால், மகன் கயிறிழுத்தலில் நடுவே கட்டிய துணியாகிவிடுவான். போட்டி முடிந்த நாளில் வீட்டுக்கு வரும் வழியில் முடிவைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்பது எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்வது. தண்ணீர், சாப்பாடு, குளிப்பு. பிறகு அவனாக வாய் திறந்தால் பேச்சு.

அடுத்தது, பார்க்காமல் ஓடு என்று சொல்லவேண்டுமா என்று கேட்டீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எப்போதும் நில் என்றும் சொல்லாதீர்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுங்கள், அல்லது பயிற்றுநர் சேரைக் கேளுங்கள். விழுந்தவன் கையை ஊன்றி எழும்பத் தொடங்கிவிட்டான் என்றால், வெளிப்பக்கமாக விலகி ஓடவேண்டியதுதான். எழும்பவில்லை, ஆனால் நடுவரோ முதலுதவிக்காரரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால், கையைத் தூக்கிக் காட்டி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடலாம். 400 மீற்றர் மைதானத்தில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. நிற்கவேண்டியது இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று, அவன் ஓடுபாதையின் நடுவே கிடக்கிறான், பின்னால் கூட்டமாக வருகிறார்கள். ஆணிச் சப்பாத்தால் கையிலோ முகத்திலோ ஒரு மிதி பட்டால் சுளுக்கைவிடப் பெரிய காயம். மற்றது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. வீதியோட்டங்களில் இது சாதாரணம்.

நின்றால் முதலில் தொடவேண்டாம், கேட்கவேண்டும்: "எங்க நோகுது? எழும்பேலுமா?" தலையோ கழுத்தோ அடிபட்டிருந்தால், கால் கோணிக் கிடந்தால், பதில் குழறினால், எழுப்பவே கூடாது. இழுத்துத் தூக்குவது அங்கே உதவியாகாது. கையைத் தூக்கிக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டு, பின்னால் வருகிறவர்களை விலக்கிவிட்டுக்கொண்டு அவர்கள் வரும்வரை நிற்கவேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கையை நீட்டலாம். அவன் பிடித்து எழும்புவான். இரண்டு காலிலும் நின்றதும் கையை விட்டுவிடவேண்டும். பக்கத்தில் ஓடிக்கொண்டே "வா, வா" என்று வாயால் கூட்டிப்போவதற்குத் தடை இல்லை. முழுதும் ஐந்து ஆறு செக்கன் வேலை. பயிற்சியின் முடிவில் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் இதைப் பழக்கினால் போதும்: ஒருவர் பாதையில் இருக்க, மற்றவர்கள் ஓடிவந்து விலகுவது, கேட்பது, எழுப்புவது, கையை விடுவது. கையை விடுவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கெண்டை இழுப்புக்கு, முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக மடக்கி 20 முதல் 30 செக்கன் பிடிக்கவேண்டும், விட்டுத் திரும்பவும். அடிப்பது, முறுக்குவது, உதறுவது எல்லாம் தசையை இன்னும் இறுக்கக்கூடும். இழுப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஓட்டத்தில் வரும் இழுப்பில் பெரும்பங்கு தசைக் களைப்புடையது. 75 செக்கனில் ஓடவேண்டிய முதற்சுற்றை 68இல் ஓடிவிட்டுக் கடைசி வளைவில் விழும் பிள்ளைகள் இதற்குச் சாட்சி.

ஒன்றை மட்டும் கெண்டை இழுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு ஓடும் பிள்ளை தள்ளாடினால், பிசகாகப் பேசினால், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வியர்வை நிற்கவேண்டுமென்றில்லை, நனைந்த உடம்போடும் உள்வெப்பம் 40 பாகைக்கு மேல் போயிருக்கும். அங்கே ஓட்டம் முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்பியூலன்ஸ் வரும்வரை குளிர்விக்கவேண்டும்: தண்ணீர் ஊற்றி, ஈரத் துணி மாற்றி மாற்றிப் போட்டு, விசிறி, கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ். மயங்கியவன் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. கடற்கரை ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. போட்டி நாளில் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பி, ஒரு தறப்பாள் விரிப்போடு முடிவுக் கோட்டருகே வைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். தறப்பாளின் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. கைதட்டுவதற்கு நூறு பேர் வருகிற மைதானத்தில் இதைத் தூக்கிவர இரண்டு பேர் கிடைக்காமல் போவதுதான் எனக்கு எரிச்சல்.

மற்ற அம்மாவுடன் நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள். இரண்டு பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் ஊடாகக் கேட்டு, அவர் சம்மதித்தால் தொலைபேசியில் பேசுங்கள். "அக்கா, படத்தைக் கேக்காமப் போட்டது என்ர பிழை. எல்லா இடத்திலயும் எடுத்திட்டன். தம்பிக்குக் கால் இப்ப எப்பிடி?" இதற்கு மேல் வேண்டாம். "என்ர மகனும் இடத்தை விட்டவன்தானே" என்று ஒரு வார்த்தை வந்தால், உதவிக்கு விலை கேட்டதாகிவிடும். நன்றியை எதிர்பார்க்காதீர்கள். அவர் கோபமாகவே பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் சந்திப்பு, பொன்னாடை, மேடை எதுவும் வேண்டாம். மகன் விரும்பினால் ஒரு செய்தி அனுப்பட்டும்: "விதி எனக்குத் தெரியாது. கவலையா இருக்கு. நீ நல்லா ஓடினனி." பதில் வந்தால் சேர்ந்து ஒரு பயிற்சி. இருவருக்கும் 4 நிமிடம் 40 செக்கன் இலக்கென்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 75 செக்கன். 2 கிலோமீற்றர் மெதுவான ஓட்டம், பிறகு 400 மீற்றர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 75 செக்கனில், நடுவில் 2 நிமிட நடை. ஒற்றைச் சுற்றுகளில் ஒருவன் முன்னே, இரட்டைச் சுற்றுகளில் மற்றவன். காற்றுக்கு எதிரே போகும் நேர்ப்பாதையில் முன்னால் போகிறவன் காற்றை வாங்குவான். ஒரு மீற்றர் பின்னால் வருகிறவனுக்கு ஓட்டம் இலேசாகும். இது போட்டியிலும் தடையில்லாத உதவி. ஒரே ஓட்டத்தில் ஓடுகிற இருவர் மாறி மாறி முன்னே போகலாம். மூன்றாவது சுற்றில் எவனாவது 72இல் இழுத்துக்கொண்டு போனால் ஐந்தாவதில் இருவரும் உடைவார்கள். மூன்று கிழமை ஓடாமல் இருப்பவனுக்கு முதல் நாள் நான்கு சுற்றே போதும். பதில் வராவிட்டால் தன் பாடசாலை நண்பனோடு இதையே ஓடட்டும். மாகாண வாய்ப்பு போனால் என்ன, பாடசாலைகளுக்கிடையிலான சேர் ஜோன் டாபட் மெய்வல்லுநர் போட்டிக்குப் பாடசாலை ஊடாகப் பெயர் கொடுக்க வழியிருக்கிறதா என்று பொறுப்பாசிரியரைக் கேளுங்கள்.

நிறுத்தற் கடிகாரத்தைக் கணவரிடம் கொடுங்கள். 200 மீற்றர் அடையாளத்தில் அவர் நிற்கட்டும். பிள்ளைகள் தாண்டும்போது "முப்பத்தேழு", "முப்பத்தெட்டு" என்று எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லட்டும். வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை.